பத்தாவது மலை

ஈரம் காயாத சிமெந்துத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினால் முதலில் ஒன்றும் தெரியாது. தரை காயக் காயத்தான் எழுத்து வெளுத்து மேலே வரும், கூடவே புதிதாக வெள்ளையடித்த சுவரில் சாரல் பட்டதுபோல ஒரு மணமும் வரும். அந்த மணத்தை முகர்ந்துகொண்டு, முழங்கால் இரண்டும் சில்லிட்டுப்போக, என் தங்கை கௌசியும் நானும் ஒரு தைப்பொங்கலில் தொடங்கி அந்த வருடத்து அடைமழைக் காலம் வரைக்கும் ஒரே ஒரு எண்ணை வகுத்துக்கொண்டிருந்தோம். இப்போது இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள், பிள்ளைகளுக்கு விளையாட வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா என்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த எண் உடைந்தால் கௌசி பிழைப்பாள் என்று நாங்கள் நம்பியிருந்தோம், அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மாத்தளைப் பக்கம் எல்கடுவைக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம் இருந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்களில் எங்களுடையது கடைசி. முன்னால் "இஸ்தோப்பு" என்று நாங்கள் சொல்கிற ஒரு சின்ன விறாந்தை, நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் படியில்தான் உட்கார வேண்டும். மலைநாட்டை விளம்பரப் படங்களில் பார்த்து ஆகா ஓகோ என்பவர்களுக்கு ஒன்று தெரியாது, அங்கே சமதரை என்று ஒன்று கிடையாது. தண்ணீர்க் குழாய்க்கு இறங்க வேண்டும், கோயிலுக்கு ஏற வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும், பஸ்ஸைப் பிடிக்க இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா கொழுந்து எடுக்கப் போகிற மலைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஏற முடியாத ஆளுக்கு அங்கே இஸ்தோப்பைத் தவிர வேறு ஊர் இல்லை.

கௌசி ஏற முடியாதவளாகிப் போனது பத்து வயதில். முதலில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன, கை கால் மூட்டுகள் வீங்கின, "வளர்ற புள்ளைக்கு வர்ற நோவுதான்" என்று லயத்தில் எல்லாரும் சொன்னார்கள், தைலம் தேய்த்தோம், வீக்கம் வற்றிவிட்டது, நாங்களும் மறந்துவிட்டோம். கொஞ்ச காலம் கழித்துக் குழாயடியிலிருந்து ஒரு சின்ன வாளியைத் தூக்கிக்கொண்டு வரும்போது பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். கண்டியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, அந்தக் காய்ச்சல் மூட்டை விட்டுவிட்டு இதயத்தைக் கடித்திருக்கிறது என்று சொன்னார்கள். இதயத்தில் ஒரு கதவு சரியாக மூடவில்லையாம். மாதம் ஒரு தடவை இடுப்பில் ஊசி, ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, மேடு ஏறக் கூடாது, அழ விடக் கூடாது. கடைசியாகச் சொன்னதை அம்மா மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கௌசி கேட்டு இல்லை என்று சொன்ன பொருள் கிடையாது, அவளும் அதைத் தெரிந்துகொண்டு எதையும் கேட்க மாட்டாள். அவள் அப்படி ஒரு கெட்டிக்காரி.

பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. அவளைவிட இரண்டு வயது மூத்த நான் போய்வந்து, அன்றன்று படித்ததை அவளுக்கு ஒப்பிப்பேன். மற்றப் பாடங்களில் அவளுக்கு நாட்டமில்லை, கணக்கு என்றால் மட்டும் என் வாயிலிருந்து பிடுங்காத குறைதான். எனக்கோ கணக்கு வராது. நான் தப்பும் தவறுமாகச் சொல்வதைக் கேட்டு, "அக்கா, நீ பள்ளிக்கூடத்துக்குப் போறியா, இல்ல பாதி வழியில கொய்யா மரத்துல ஏறிக்கிறியா" என்பாள். அவளுக்காக நான் கணக்கு வாத்தியாரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த அளவுக்கு எனக்காக ஒருநாளும் பார்த்ததில்லை.

மலைகளை அவளே கண்டுபிடித்தாள். அப்பா வேலை செய்த தேயிலைத் தொழிற்சாலைக்கு, நாங்கள் "ஸ்டோர்" என்கிற கட்டடத்துக்கு, வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்புக் கட்டிகளை அவர் அவளுக்காகக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதில் ஒன்றை எடுத்து, பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கினாள். 121 வந்தது. நூற்றுப் பதினொன்றை அதே எண்ணால் பெருக்கினாள். 12321 வந்தது. அடுத்தது 1234321. ஒன்றில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, உச்சியைத் தொட்டு, ஏறின வழியே இறங்கி மறுபடி ஒன்றில் வந்து நிற்கிற எண்கள். வெறும் ஒன்றுகளை ஒவ்வொரு இடமாகத் தள்ளித் தள்ளி எழுதிக் கூட்டினால் மலை தானாகவே எழும்பி நிற்பதை என்னைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் சொல்லிவிட முடியாது. வெளியே உள்ள எந்த மேட்டிலும் ஏற முடியாத பிள்ளை, ஒரே மூச்சில் ஒன்பது மலை ஏறி இறங்கிவிட்டாள். ஒன்பதாவது மலை 12345678987654321. ஒன்பது ஒன்றுகளை ஒன்பது ஒன்றுகளால் பெருக்கினால் அது வரும், யாரும் செய்து பார்க்கலாம்.

எண்ணை வகுத்து மீதி இல்லாமல் பிரிப்பதை அவள் "உடைக்கிறது" என்பாள். இரண்டாம் மலையான 121 உடையும், மூன்றாம் மலை உடையும், ஒன்பதாம் மலைவரை எல்லாம் உடையும், அதுவும் சரிபாதியாக, பதினொன்று தரம் பதினொன்று என்பதுபோல ஒரே மாதிரி இரண்டு துண்டாக உடையும். அப்படியானால் பத்தாவது? ஒன்று முதல் பத்துவரை வரிசையாக எழுதி, பத்திலிருந்து ஒன்றுவரை இறங்கினால் வருகிற எண் 12345678910987654321. இருபது இலக்கம். இஸ்தோப்பின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை எழுதினால்தான் கீழே வகுத்துப் போக இடம் இருக்கும். பத்து ஒன்றுகளைப் பத்து ஒன்றுகளால் பெருக்கினால் வந்துவிடும் என்றுதான் முதலில் நினைத்தாள். வரவில்லை. உச்சியில் கூட்டல் மேலே ஏறி, நடுவில் எண்கள் சரிந்து, வேறு ஏதோ ஒன்று வந்தது. "சரி, இது வேற வழியா உடையும்" என்று சொல்லிவிட்டாள், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஒன்பது மலை உடைந்தால் பத்தாவதும் உடையாமல் எங்கே போகும் என்று நானும் நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து தேதி வந்தது. கண்டி டொக்டர் எழுதிக் கொடுத்து, பெயரைப் பதிந்து, காத்திருந்து கிடைத்த தேதி. நெஞ்சைத் திறந்து அந்தக் கதவைச் சரிசெய்ய வேண்டும், இப்போதே செய்தால் பிள்ளை நன்றாக இருப்பாள், தள்ளிப்போட்டால் இதயம் வீங்கிவிடும் என்று டொக்டர் சிங்களத்தில் நிதானமாக, அப்பாவின் தோளைத் தொட்டுச் சொன்னாராம். அப்பாவுக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். அவர் போவதென்று அங்கேயே முடிவெடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

ஆனால் லயத்தில் ஒருவருக்கு வந்த நோய் எல்லாருக்கும் வந்த நோய்தான். பொம்பளைப் பிள்ளையின் நெஞ்சைப் பிளப்பார்களா, நாளைக்கு யார் கட்டிக்கொள்வான், தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில் ஒரு பையனைக் கொண்டுபோய் உயிரில்லாமல் கொண்டுவந்தார்களே என்று ஆளுக்கொரு பேச்சு. அம்மா பயந்துபோனார். பயந்தால் எங்கள் அம்மாக்களுக்குத் தெரிந்த ஒரே வழி கோயில்தான், அங்கே போய்ப் "பூக் கட்டிப் பார்ப்பது". ஒரு வெற்றிலையில் சிவப்புப் பூ, இன்னொரு வெற்றிலையில் வெள்ளைப் பூ, இரண்டையும் வெளியே தெரியாதபடி ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றி, அம்மன் காலடியில் குலுக்கிப் போடுவார்கள். விபரம் தெரியாத சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் கொழும்புக்குப் போவது, வெள்ளை வந்தால் போவதில்லை என்று அம்மா மனதில் நினைத்து நின்றார். பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிள்ளை எடுத்த வெற்றிலையில் வெள்ளைப் பூ இருந்தது.

அப்பா கத்தினார். "பூவாவது மண்ணாவது, டொக்டர் படிச்சவரா, இந்தப் பூ படிச்சிருக்கா" என்று கேட்டார். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து கௌசியின் முடியைக் கோதிக்கொண்டே இருந்தார். போகாவிட்டால் பிள்ளை போய்விடுவாள் என்று அம்மாவுக்கும் தெரியும், அம்மன் சொன்னதை மீறிப் போய் ஒப்பரேஷன் மேசையிலேயே ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழியை எந்தத் தாய் சுமப்பாள் என்றும் தெரியும். நடுவில் மாட்டிக்கொண்ட அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கௌசி வாயைத் திறந்தாள்.

"அம்மா, பூவுல ரெண்டே ரெண்டுதான் இருக்கு. கண்ண மூடிக்கிட்டு எடுத்தா பாதிக்குப் பாதி எதுனாலும் வரும். அது அம்மன் சொன்னதுன்னு எப்படித் தெரியும்? என் மலையக் கேப்போம். பத்தாவது மலை உடைஞ்சா போவோம்."

அவள் அதை ஏன் சொன்னாள் என்று எனக்கு அப்போதே தெரியும். அவளுக்குக் கொழும்புக்குப் போக ஆசை. மேடு ஏற ஆசை, பள்ளிக்கூடம் போக ஆசை, பிழைக்க ஆசை. உடையும் என்று நூற்றுக்கு நூறு தெரிந்த ஒன்றைத் தேடி எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மாவுக்கும் அம்மனிடமிருந்து தப்பிக்க ஒரு சாக்கு தேவைப்பட்டது. "அதையும் அம்மன்கிட்டயே சொல்லிட்டுச் செய்யி. உடைஞ்சுச்சுன்னா நானே ஒன்னக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் காட்டி, கௌசி அந்த எண்ணை இருபது இலக்கமும் விடாமல் வாயால் சொன்னாள். அம்மனுக்கு அப்படி ஒரு வேண்டுதல் அதற்கு முன்னும் பின்னும் யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

தேதிக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. நாங்கள் வகுக்க ஆரம்பித்தோம்.

இரண்டால் வகுத்தால் மீதி ஒன்று. மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று. ஐந்தால் வகுத்தாலும் ஒன்று. மூன்றுக்கு முழுக்க வகுக்கத் தேவையில்லை, இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் போதும் என்று நான் பள்ளிக்கூடத்தில் கேட்டுவந்து சொன்னேன்; கூட்டினால் தொண்ணூற்றொன்று, அதை மூன்றால் வகுத்தாலும் ஒன்பதால் வகுத்தாலும் அதே ஒன்றுதான் மிஞ்சியது. ஏழில் மட்டும் ஐந்து மிஞ்சியது. அன்றைக்குக் கௌசிக்கு ஒரே சந்தோசம், "பாத்தியா, அசைய ஆரம்பிச்சிருச்சு" என்றாள், ஏதோ மரத்தின் வேர் ஆடுகிற மாதிரி. பதினொன்றில் மறுபடியும் ஒன்று. முந்தின மலைகளை உடைத்த எங்கள் சொந்தக்காரர்களான முப்பத்தேழு, நாற்பத்தொன்று, நூற்றொன்று எல்லாரையும் கூப்பிட்டுப் பார்த்தோம். ஒருவரும் உதவவில்லை.

வேறு எண்களால் உடையாத எண்களால் மட்டும் வகுத்தால் போதும் என்று அவளே கண்டுபிடித்தாள். நாலால் வகுக்க வேண்டியதில்லை, இரண்டு தோற்றால் நாலும் தோற்றதுதான், ஆறும் எட்டும் தோற்றதுதான். இதற்குப் பெயர் பகா எண் என்று நான் வாத்தியாரிடம் கேட்டுவந்து சொன்னேன். பெயரைக் கேட்டு, "உடையாததுக்கு இவ்வளவு பெரிய பேரா" என்றாள். வாத்தியாரிடம் முழு எண்ணையும் காட்டினால் என்ன என்று கேட்டதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இது அவளுக்கும் அம்மனுக்கும் உள்ள கதை, வெளியாள் உடைத்தால் செல்லாதாம்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு அம்மா போனதும் நான் தரையைக் கழுவிவிடுவேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக முட்டி போட்டுக்கொண்டு வகுப்போம். கழித்தலில் நான் பிழை விடுவேன், எதிர்ப்பக்கத்திலிருந்து அவள் கண்டுபிடித்துத் தலையில் குட்டுவாள். போகப் போக அவளால் முட்டி போட முடியவில்லை. குனிந்தால் மூச்சு வாங்கியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாயால் சொல்வாள், நான் எழுதுவேன். கால் வீங்கி, செருப்பின் வார் பதிந்த தடம் அப்படியே நிற்கும். சாயந்திரம் அம்மா வந்து கொழுந்துக் கூடையை இறக்கும்போதே, "உடைஞ்சுச்சா?" என்றுதான் கேட்பார். பக்கத்து வீட்டுக்காரர்களும் வேலியோரம் நின்று கேட்பார்கள். என்னவென்று விளங்காமலேயே ஒரு லயம் முழுக்க ஒரு எண் உடைவதற்காகக் காத்திருந்தது. அப்பா மட்டும் கேட்க மாட்டார். அவர் கொழும்புக்குப் போக ஒரு வேனுக்குச் சொல்லிவைத்திருந்தார்.

நூற்று இருபத்தேழில் உடைந்தது.

கடைசி இலக்கத்தை இறக்கிக் கழித்தபோது கீழே மீதி இல்லாமல் சுழி வந்தது. நான் எழுதிய சுழியை நானே நம்பாமல் அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை, கண் மட்டும் பெரிதாகி, "அம்மாவக் கூப்புடு" என்றாள். அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஓடிய ஓட்டத்தில் இரண்டு இடத்தில் விழுந்தேன். அம்மா கூடையைக் கழற்றிச் செடி வரிசையான நிறையில் போட்டுவிட்டு, கங்காணியிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கி வந்தார். வந்து அந்தச் சுழியைப் பார்த்துவிட்டு, தரையில் விழுந்து கும்பிட்டார். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு அப்படி ஒரு நாள் வந்ததில்லை. அப்பா பழம் வாங்கிவந்தார், அம்மா கௌசிக்குத் தலைக்கு ஊற்றினார், பையில் துணி மடித்து வைத்தாயிற்று. கொழும்புக்குப் போக நாலு நாள்தான் இருந்தது.

போகிற அன்று காலையில் நான் பல் தேய்த்துவிட்டு வரும்போது கௌசி இஸ்தோப்பில் தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். வந்த விடையை நூற்று இருபத்தேழால் திரும்பப் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மா. போறதுக்கு முன்னாடி ஒரு தடவ முழு மலையையும் பாத்துட்டுப் போலாம்னு" என்றாள். பெருக்கி வந்த எண்ணில் ஏழாவது இலக்கம் பிழையாக வந்தது. நடுவே ஒரு கழித்தலில் நாங்கள் கடன் வாங்கிய ஒன்றைக் குறைக்காமல் விட்டிருந்தோம். மலை உடையவில்லை.

"சொல்லாதடி" என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். வேன் கீழ் ரோட்டில் வந்து நின்றுவிட்டது, ஹோர்ன் சத்தம் கேட்டது. யாருக்கும் தெரியாது, யாரும் பெருக்கிப் பார்க்கப் போவதில்லை, தண்ணீரை ஊற்றினால் போய்விடும் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அவளுக்கும் பன்னிரண்டு வயதுதானே.

"அம்மன்கிட்ட உடைஞ்சா போறேன்னுதானே சொன்னேன். உடையாம கொழும்புக்குப் போனா நான் செத்துருவேன் அக்கா."

அம்மாவிடம் அவளே சொன்னாள். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு போய் வேனில் ஏற்றப் பார்த்தார், அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அழ அழ உதடு நீலமாகி மூச்சுத் திணறியது. அப்பா அவளை இறக்கிவிட்டார். அவளை அழ வைக்கக் கூடாது என்று சொன்னதும் டொக்டர்தான், கூட்டிக்கொண்டு வரச் சொன்னதும் டொக்டர்தான். அம்மா பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டார். "அம்மன்கிட்ட ரெண்டு தடவ கேட்டாச்சு. ரெண்டு தடவையும் வேணாம்னு சொல்லிட்டா" என்றார். வேன் வெறுமனே திரும்பிப் போயிற்று.

அப்பா மறு தேதிக்குப் பதிந்துவிட்டு வந்தார். நூற்று முப்பத்தொன்றால் வகுத்தோம், அதற்கு மேலும் வகுத்தோம். அடைமழை தொடங்கியபோது கௌசியால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே தூங்கினாள். ஒருநாள் மத்தியானம், அப்பாவும் மாமாவும் அவளைக் கதிரையில் உட்காரவைத்துக் கம்பளியால் மூடிக் கீழ் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே போனேன். ரோட்டுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அப்பா கதிரையைக் கீழே வைத்துவிட்டார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

அவளை அடக்கிய இடம் இப்போது தேயிலைக்குள் போய்விட்டது. லயத்தையும் இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் தனித்தனி வீடுகள், முன்னால் கம்பி வேலி, வீட்டுக்கொரு தண்ணீர்த் தொட்டி. நல்ல வீடுகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. போன வருடம் போனபோது எங்கள் இஸ்தோப்பு எந்த இடத்தில் இருந்தது என்று காட்டக்கூட எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அப்பா இறந்துவிட்டார். அவர் கடைசிவரைக்கும் அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அம்மாவுடன் கோயிலுக்கும் போகவில்லை. அம்மாவே பிறகு கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டார். எனக்குக் கல்யாணமாகி மாத்தளை டவுனுக்கு வந்தபின் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். தேர்த் திருவிழாவுக்கு ஊரே திரண்டு எங்கள் வாசலால் போகும், அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பார்.

அம்மா ஒன்றை மட்டும் அடிக்கடி சொல்வார். சமைத்துக்கொண்டிருக்கும்போது, துணி மடிக்கும்போது, திடீரென்று யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. "இன்னும் கொஞ்சம் நாள் இருந்திருந்தா அவ ஒடச்சிருப்பா. நாந்தான் புள்ளயத் தூக்கிக்கிட்டுப் போகாம, ஒரு நம்பர நம்பி ஒக்காந்துட்டேன்." நானும் அதைத்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த எண்ணை நான் மறக்கவில்லை, மறக்கக்கூடிய எண்ணா அது. ஆனால் அது உடையுமா உடையாதா என்று யாரிடமும் கேட்கப் பயமாக இருந்தது. அடுத்த எண்ணில் உடைந்திருக்கும் என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? போன மாதம் என் மகன் பரீட்சைக்குப் படிக்கும்போது, எவ்வளவு பெரிய எண்ணைக் கொடுத்தாலும் உடைத்துக் காட்டுகிற ஒரு பக்கம் போனில் இருப்பதாகச் சொன்னான். போனை வாங்கி இருபது இலக்கத்தையும் நானே அடித்தேன். விரலை எடுப்பதற்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டது. பகா எண்.

மகனை விளக்கச் சொன்னேன். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் அது உடையாது. கையால் வகுத்து அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் முந்நூற்றைம்பது கோடியைத் தாண்டுகிறவரைக்கும் வகுத்துப் பார்க்க வேண்டும். நாங்கள் நூற்றுச் சொச்சத்தில்தான் இருந்தோம். அதற்குக் கீழே உள்ள ஒன்பது மலையும் சரிபாதியாக உடைகிறதே என்று கேட்டேன். "அது அப்படித்தான்மா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றான். அவன் குழந்தை, அவனுக்கு என்ன தெரியும். கௌசி பூவை நம்பவில்லை, அதில் பாதிக்குப் பாதிதான் என்றாள். அவள் தேடி எடுத்துக்கொண்ட எண்ணில் அந்தப் பாதியும் இருக்கவில்லை. அவள் பிறப்பதற்கு முன்னாலும், அந்தத் தோட்டத்தில் ஒரு தேயிலைச் செடி நடுவதற்கு முன்னாலும் அது உடையாத எண்ணாகத்தான் இருந்தது. அதற்கு அவளுடைய இதயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று சில நாள் யோசித்தேன். கௌசியால் முடியாமல் போனது அவளுடைய குறையல்ல, உலகத்தில் யாராலும் முடியாது என்று தெரிந்தால் அம்மாவின் மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"எப்பவுமே உடையாதா?"

"எப்பவுமே உடையாதும்மா. எவ்வளவு நாள் வகுத்தாலும்."

அம்மா மடியிலிருந்த கீரையைத் தட்டில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "அப்ப அம்மன் சொன்னது சரிதான். போயிருந்தா மேசையிலேயே போயிருப்பா. நான் தப்புப் பண்ணலடி" என்றார்.

அப்படி இல்லை அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். வேன் வந்து நின்ற அன்று ஏறியிருந்தால் கௌசி இன்றைக்கு இருந்திருக்கலாம், உடையாத எண்ணுக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருடத்தில் நான் பார்க்காத ஒரு முகத்தோடு அம்மா உட்கார்ந்திருந்தார். சாயந்திரம் குளித்துவிட்டு வந்து, கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். கூட்டிப் போனேன். திரும்பி வந்து இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அம்மா கௌசியைப் பற்றிப் பேசும்போது, கொழும்புக்குக் கூட்டிப் போகாததைப் பற்றிச் சொல்வதில்லை. கூட்டிப் போயிருக்கலாம் என்று நினைப்பதற்கு இனி என்னைத் தவிர யாரும் இல்லை.